கூட இருக்க ஒரு ஆள்

ஜனவரி 8, வியாழன்

இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு இன்றும் தாமதம். மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்று கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன். அந்த இடத்தில் நிற்பதற்கு அது ஒன்றுதான் மரியாதையான காரணம். மாணவிகள் வணக்கம் சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாண்டிப் போனார்கள்.

இடது முழங்கால் முட்டு. தீபாவளிக்கு முன்பே தொடங்கியது. ஏறும்போது சமாளிக்கலாம். இறங்கும்போது உள்ளே மணலை வைத்து அரைப்பதுபோல் இருக்கிறது.

வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். கேட்கப்போவதில்லை. சுயநிதிப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகப் பணி உத்தரவு தருகிறார்கள். போன வருடம் மூச்சிரைப்பு உள்ள ஓர் ஆசிரியைக்கு உத்தரவு வரவில்லை. மூச்சிரைப்புதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். புள்ளியியல் கற்பிக்கிறவள் ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் மதினி கீழிருந்து கயிற்றை ஆட்டினார். கூடையை இழுத்தேன். பால், ஒரு கட்டு சிறுகீரை, அதற்கடியில் ஒரு தைல பாட்டில்.

அண்ணன் இறந்து நாலு வருடமாகிறது. வீடு அவருடையது. கீழே மதினி, மேலே நான், சமையல் தனித்தனி. அண்ணன் இருந்தவரை எங்கள் இருவருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவர் போன பிறகு பேசுவதற்கு எங்களிடம் அதிகம் இல்லை. முன்பெல்லாம் மதினி எதையாவது கொண்டுவந்து மேலே வைத்துவிட்டுப் போவார். பிறகு ஒருநாள் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டிக் கூடை தொங்கவிடச் சொன்னார். என் முகத்தைக் காலையில் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

“உலகு, எண்ணெயை லேசா சூடு பண்ணித் தேச்சுக்கோ. காலை இழுத்து இழுத்து நடக்கது கீழ கேக்கு.”

“ஒண்ணுமில்ல மதினி. செருப்பு சரியில்ல.”

“வீட்டுக்குள்ளயுமாட்டி செருப்புப் போட்டிருக்கே?”

ஜனவரி 12

தைலம் தேய்க்கவில்லை. இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது.

ஜனவரி 13

தேய்த்தேன். வாசனை நன்றாக இருக்கிறது. வேறு மாற்றமில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ஒரு கல்யாண மண்டபத்தில் மூட்டு வலிக்கு இலவச முகாம் என்று நோட்டீஸ் வந்திருந்தது. போனேன். போயிருக்க வேண்டாம். சூடாகும் மெத்தை ஒன்றில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் படுக்கவைக்கிறார்கள். எழுந்ததும் வாயருகே மைக்கை நீட்டுகிறார்கள்.

“அம்மா, வலி எப்படி இருக்கு? சத்தமா சொல்லுங்க!”

மைக்கைப் பார்த்ததும் எல்லோருக்கும் வலி குறைந்துவிடுகிறது. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கைதட்டலே வாங்கிவிட்டாள். கீழே இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

இதுவரை எத்தனை பேர் படுத்தார்கள், மாதம் கழித்து எத்தனை பேருக்கு வலி இல்லை என்று கேட்டேன். டை கட்டிய பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “மேடம் எந்த டிபார்ட்மெண்ட்?” என்றான். மெத்தையின் விலையைப் பக்கத்து மேசையில் சொல்வார்களாம். அந்தப் பக்கம் போகாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7

தனியார் மருத்துவமனை. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். அதைவிடக் கூடுதல் நேரம் கைபேசியைப் பார்த்தார். “இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு. ரெண்டு முட்டையும் சேர்த்தே மாத்திடலாம், பேக்கேஜ் இருக்கு.” வலது முட்டில் எனக்கு வலியே இல்லை என்றேன். “வரும்” என்றார்.

அவர்கள் எழுதித் தந்த தொகை என் இரண்டு வருடச் சம்பளத்துக்கு மேல். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். வரும் வழியில் பேருந்தில் இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். முதல்முறையாக மறுக்காமல் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 9

கூடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப், மூட்டு வலிக்கு. சூடு ஆறாமல் இருக்க டம்ளரைத் துணியில் சுற்றியிருந்தார்.

“அரசாஸ்பத்திரியில காப்பீட்டு அட்டை இருந்தா சும்மாவே பண்ணுதாங்களாம். எங்க சித்தி மக பண்ணிட்டு இப்ப வயக்காட்டுல நிக்கா. நீ போய்க் கேளேன்.”

“ஒருத்தருக்குச் சரியானா எல்லாருக்கும் சரியாகும்னு இல்ல மதினி.”

“அந்த ஒருத்தி நீயா இருந்தா வேண்டாம்னா சொல்லுவே?”

சூப்பைக் குடித்தேன். மிளகு அதிகம்.

பிப்ரவரி 16, திங்கள்

அரசு ஆஸ்பத்திரி. விடுப்பு எடுத்துக்கொண்டு காலை முதல் பேருந்திலேயே போய்விட்டேன். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் என் வயதுப் பெண்கள்தான். பீடி சுற்றுகிறவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுந்து ஒரே மாதிரி உட்கார்ந்தோம்.

சீட்டு எழுதுகிற பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“கூட யாரு வந்திருக்கா?”

“நான்தான்.”

“நீங்க பேஷண்ட்டும்மா. கூட யாரு?”

“யாரும் வரல.”

“வீட்டுக்காரர்?”

“இல்ல.”

“பிள்ளைங்க?”

“இல்ல.”

அப்போதுதான் தலையைத் தூக்கினாள். ஆபரேஷன் என்று முடிவானால் பெண்கள் வார்டில் கூடவே தங்க ஒரு பெண் வேண்டும், ஆள் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள் என்று விளக்கினாள். கோபமாகச் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு அடுத்த திங்கள் ஆளோடு வாருங்கள் என்றாள்.

விதி நியாயமானதுதான். எழுந்து நிற்க முடியாதவருக்கு ஒரு ஆள் வேண்டும்தானே. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மதியம் வெயில் அதிகமாக இருந்ததால் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18

இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கீழே போய்க் கேட்டேன். மதினி கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் தரையில் உட்கார்ந்து பார்த்து நாளாகிறது.

“நான் எதுக்குட்டி? வேற ஆளு கிடையாதா?”

“கிடையாது.”

வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தார்.

“அங்க படி எத்தன இருக்கும்?”

விநோதமான கேள்வி. லிஃப்ட் இருக்கிறது என்றேன்.

“சரி, வாரேன்.”

விருப்பமில்லாமல் ஒப்புக்கொள்கிறார் என்று பட்டது. அறுபத்தோரு வயதில் யாருக்கு விருப்பமிருக்கும்.

பிப்ரவரி 23, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

டாக்டர் சின்னப் பெண். என் எக்ஸ்ரேயைப் பார்த்தாள், காலை மடக்கி நீட்டினாள், நடக்கச் சொன்னாள். “உங்களுக்கு இப்ப ஆபரேஷன் தேவையில்லை. தேய்மானம் இருக்கு, ஆனா தொடைத் தசைக்கு வலு ஏத்தினாப் போதும். பத்து வருஷம்கூடத் தள்ளலாம்” என்றாள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டின் கீழே வைத்து அழுத்திக் காட்டினாள். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு துண்டு.

நிம்மதி வந்திருக்க வேண்டும். ஏமாற்றம்போல ஒன்று வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

போகலாம் என்று மதினியைப் பார்த்துத் தலையசைத்தேன். மதினி எழுந்தார். இரண்டு கைகளாலும் பெஞ்சை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு தொடையில் கையை வைத்துத் தள்ளி, உதட்டைக் கடித்துக்கொண்டு. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“அம்மா, நீங்க இங்க வாங்க.”

“நான் சும்மா கூட வந்தவ தாயி.”

“தெரியுது. வாங்க.”

சேலையை முட்டுவரை தூக்கியபோது நானும் பார்த்தேன். கால் இரண்டும் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தன. உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். படத்தில் இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளியே இல்லை. “எப்படிம்மா இத்தனை நாள் நடந்தீங்க?” என்று கேட்டாள். மதினி என்னைப் பார்த்துவிட்டு, “நடக்கதுதானே தாயி, என்ன பெரிய காரியம்” என்றார். முதலில் வலது முட்டு, சில மாதம் கழித்து இடது என்றாள் டாக்டர். கூட ஆள் இருந்தால் போதும்.

திரும்பி வரும் பேருந்தில் கூடையைப் பற்றி யோசித்தேன். அது வந்து இரண்டு வருடம்.

தென்காசியில் நாங்கள் இறங்குவதற்கு முந்திய நிறுத்தத்தில் மதினி என் கையைத் தொட்டார்.

“விசுகிட்ட சொல்லிராத, என்ன.”

ஓசூரில் இருக்கும் மகனிடம் எதற்காக மறைக்க வேண்டும் என்று விளங்கவில்லை.

மார்ச் 1

துண்டுப் பயிற்சி. காலையும் மாலையும். முட்டாள்தனமாக இருக்கிறது, ஆனால் இறங்கும்போது மணல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இதை முடிவாக எழுதவில்லை.

மதினியிடம் ஆபரேஷன் பற்றிப் பேச்செடுத்தேன். “எனக்கென்ன, ஓட்டப்பந்தயமா ஓடப்போறேன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மார்ச் 5

விசுவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெற்ற மகனுக்குத் தெரியாமல் வைத்திருப்பது முறையல்ல. மருத்துவ விஷயத்தில் ஒளிவு மறைவு கூடாது. தகவல் எல்லோரிடமும் இருந்தால்தான் சரியான முடிவு எடுக்க முடியும். இந்த மூன்று காரணங்களும் இப்போதும் சரியாகவே தெரிகின்றன.

“சொன்னதுக்கு ரொம்ப நன்றி அத்தை. அம்மா எங்கிட்ட வாயே தெறக்கமாட்டேங்கா. சனிக்கிழம வாரேன்” என்றான். குரல் உடைந்திருந்தது. நல்ல பிள்ளை.

மார்ச் 7, சனி

விசு வந்தான். கூடவே ஒருவர். நண்பர் என்றான். மதினி இருவருக்கும் தோசை சுட்டார். நண்பர் தோசை சாப்பிட்டுவிட்டு மாடி, கொல்லை, கிணறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் அறைக்கும் வந்தார். “நல்ல காத்தோட்டம்” என்றார். தெருவின் அகலத்தை ஏன் கேட்கிறார் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

அவர் போன பிறகு விசு உட்கார்ந்து பேசினான்.

“அம்மா, ஓசூர்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டு காலையும் பாத்துரலாம். பொறவு எங்கூடவே இரி. இந்த வீட்டை என்ன செய்ய? குடுத்துட்டா ஆபரேஷன் செலவும் ஆச்சு, என் லோனும் கொஞ்சம் கொறையும்.”

மதினி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, உங்களையும் அப்படியே விட்ருவேனா? காலேஜ் பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கும்லா, நல்லதா ஒண்ணு பாத்துருவோம்.”

“பாக்கலாம்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னான். சட்டப்படியும் அவனுக்கு உரிமை இருக்கிறது. தாய்க்கு வைத்தியம் பார்க்க நினைப்பது குற்றமா?

அவன் கிளம்பி ஆட்டோ தெருவைத் தாண்டும்வரை மதினி வாசலில் நின்றார். பிறகு திரும்பினார்.

“ரெண்டு வருசமா நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு நடந்தது எதுக்குன்னு நெனச்சே?”

நான் மாடியிலிருந்து தொங்கிய கூடையைப் பார்த்தேன்.

“எனக்கு முடியலன்னு தெரிஞ்சா அவன் கூட்டிட்டுப் போயிருவான். வீட்டை வித்துருவான். நீ எங்க போவே? எம்.பில். படிச்சிருக்கே. இது தெரியலயா ஒனக்கு?”

எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் சொல்லவில்லை. சொல்லாததை ஒருவர் எப்படி அறிய முடியும்?

இரவு சமைக்கவில்லை. பசி இல்லை.

மார்ச் 8

கூடை வரவில்லை.

மார்ச் 9

கூடை வரவில்லை. பால் நானே போய் வாங்கினேன்.

மார்ச் 11

கீழே போனேன். மதினி கதவைத் திறந்துவிட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டார். நான் நின்றபடியே சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் அவருடைய அட்டைக்குச் செலவில்லாமல் செய்வார்கள். செலவு இல்லையென்றால் வீட்டை விற்க அந்தக் காரணம் இல்லை. நடக்க முடிந்தால் ஓசூருக்குப் போக அந்தக் காரணமும் இல்லை.

“அந்தக் காரணம் போனா வேற காரணம் வரும்.”

“வரட்டும். வரும்போது பாப்போம்.”

“கூட யாரு இருப்பா?”

“நான்.”

“ஒனக்குக் காலேஜு?”

“லீவு உண்டு.”

எங்களுக்கு அப்படி ஒரு லீவு கிடையாது. மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

“பயமா இருக்குட்டி” என்றார். “ஒங்க அண்ணனை ஆஸ்பத்திரிக்குள்ள நடத்தித்தான் கூட்டிட்டுப் போனேன்.”

ஆபரேஷனில் எத்தனை பேரில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்ற கணக்கு எனக்குத் தெரியும். நேற்று இரவு தேடிப் படித்திருந்தேன். மிக நல்ல விகிதம். அதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பிழைக்காதவர்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் அண்ணனைப்போல் இருப்பாரே. அதனால், “நான் வெளிய உக்காந்திருப்பேன்” என்று மட்டும் சொன்னேன்.

சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, “தோசை மாவு இருக்கு. தின்னுட்டுப் போ” என்றார்.

மார்ச் 24

சர்க்கரைப் பரிசோதனை. கூடுதல். மதினி இனிப்பைத் தொடுவதேயில்லை என்று டாக்டரிடம் சொன்னார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டு போய் மாணவிகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 4

பல் டாக்டர், இதய டாக்டர், ரத்தம், சிறுநீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். சனிக்கிழமைகளாகப் பார்த்து முடித்தோம். சர்க்கரை இறங்கியிருக்கிறது. இருபதாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வும் அதே வாரம்தான் தொடங்குகிறது.

ஏப்ரல் 6

முதல்வரைப் பார்த்தேன். தேர்வு நேரத்தில் ஆள் போனால் மேற்பார்வைக்கு என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. மதினிக்கு ஆபரேஷன் என்றேன். “மதினிக்குத்தானே, அவங்களுக்கு மக்க மனுசங்க இல்லையா?” என்றார். நான்தான் என்றேன். சம்பளமில்லா விடுப்பு. ஜூன் உத்தரவு பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, “ஜூன்ல பாப்போம்” என்றார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வார்டு. நேற்றுச் சேர்ந்தோம். கூட இருப்பவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தரையில் படுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்க முடியாது என்பதை யாருமே, நான் உள்பட, யோசிக்கவில்லை. நேற்று ஒருமுறை உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு ஆபரேஷன் ஆன மாமியாருக்குத் துணையாக இருக்கும் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எக்கா, ஒங்களைத் தூக்க கிரேன்தான் கொண்டாரணும்போல. மெதுவா, என் தோளைப் பிடிங்க.”

காலையில் வந்த நர்ஸ் வாசலில் நின்று, நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நடந்து வருவதைப் பார்த்தாள்.

“இதுல யாரு பேஷண்ட், யாரு அட்டெண்டர்?”

“இன்னைக்கு நான், பொறவு அவ” என்றார் மதினி. வார்டே சிரித்தது. பேச்சியம்மாள் எங்கிருந்தோ ஒரு பெஞ்சை இழுத்து வந்து எனக்குப் போட்டாள். படுத்தால் கால் வெளியே நீள்கிறது. தரைக்கு எவ்வளவோ மேல்.

விசுவிடம் மதினியே பேசினார். “வியாழக்கெழம ஆபரேஷன். முடிஞ்ச பொறவு வா, முன்னால வராத” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 23, வியாழன்

காலையில் அழைத்துப் போனார்கள். கழற்றித் தந்த மூக்குத்தியையும் தாலிச் செயினையும் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். அண்ணன் போன பிறகும் அவர் செயினைக் கழற்றவில்லை. இன்றுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

வெளியே உட்கார்ந்திருந்தேன். சுவரில் எழுதியிருந்தவற்றைப் படித்தேன். எச்சில் துப்பாதீர். அமைதி காக்கவும். மறுபடியும் படித்தேன். பேச்சியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். “சாமி கும்பிடுங்கக்கா” என்றாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றேன். “அப்ப நான் கும்பிட்டுக்கிடுதேன், நீங்க காப்பியைக் குடிங்க” என்றாள்.

மதியம் தள்ளுவண்டியில் வந்தார். கண் திறந்தபோது கேட்ட முதல் கேள்வி: “சாப்டியாட்டி?”

இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 24

வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னார் பிசியோதெரபி தம்பி. மதினி கட்டில் கம்பியை விடவில்லை. “கொல்லுதியே அய்யா, நாளைக்கு நிக்கேன்.” நாளைக்கு என்றால் மடக்குவது இன்னும் கஷ்டம் என்றார் அவர். நான் ஊக்கமாக ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு அது வராது.

“விசு ஞாயித்துக்கெழம வாரான்” என்றேன்.

மதினி என்னை முறைத்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு வாக்கரைப் பிடித்தார். நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

விசு வருவதற்கு முன்பே மதினி தலை சீவிக்கொண்டார். அவன் வார்டு வாசலில் தெரிந்ததும், “வாக்கரை இங்க தள்ளு” என்றார். கட்டிலிலிருந்து வாசல்வரை, தானே. நான் பின்னால் ஒரு முழம் தள்ளி நடந்தேன். தொடக்கூடாது என்று கட்டளை.

விசு அப்படியே நின்றுவிட்டான். வலது கால் நேராக இருந்தது. அம்மா கட்டிலில் படுத்திருப்பார் என்று நினைத்து வந்தவன் அவன்.

“ஏம்மா, எங்கிட்டச் சொன்னா நான் பண்ணமாட்டேனா?”

“சொன்னா நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகுமுன்னால வீட்டுக்கு ஆளைக் கூட்டிட்டு வாரே.”

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

“கடன் நெருக்குதும்மா. அதான்.”

“தெரியும். என் சங்கிலியைத் தாரேன், கொண்டு போ. வீடு நாங்க இருக்கவரைக்கும் இருக்கட்டும்.”

“நாங்க” என்றார். விசு என் பக்கம் திரும்பினான். நான் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கிலியை அவன் வாங்கவில்லை. “ஒரு வருசம் போகட்டும், பாப்போம்” என்றான். உறுதிமொழி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மே 7

தையல் பிரித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இரவில் உதவி தேவைப்படும் என்பதால் நான் கீழே படுக்கிறேன். சமையலும் ஒன்றாகவே. தற்காலிக ஏற்பாடு.

மே 19

மதினிக்கு முட்டு மடக்கும் பயிற்சி, எனக்குத் துண்டு. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு.

“நீ ஏமாத்துதே. அழுத்தவே இல்ல.”

“நீங்க உங்க காலைப் பாருங்க மதினி.”

“என் காலு எனக்குத் தெரியுது. ஒன்னோடதும் சேத்துத்தான்.”

இறங்கும்போது வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. முழுவதும் போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 10

உத்தரவுகள் வந்தன. எனக்கு இல்லை.

ஜூன் 11

மதினி கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். “ம்” என்றார். மத்தியானம் எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தார். வாக்கரோடு நின்றபடியே.

ஜூன் 14, ஞாயிறு

இன்று உண்மையைச் சொன்னேன். தெரியும் என்றார். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“லீவு உண்டுன்னு சொன்னேல்லா, அன்னைக்கே.”

“தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீங்க?”

கொஞ்ச நேரம் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நானும் துண்டை அழுத்தினேன். மாலையில் பாடம் கேட்க வரலாமா என்று பழைய மாணவிகள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், கீழ் அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “வச்சுக்கோ. ஆனா என் கட்டிலை நகத்தக்கூடாது” என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“அந்த டாக்டரம்மா ஒனக்குப் பத்து வருசம்னு சொன்னாள்லா.”

“ஆமா. அதுக்குள்ள தேவைப்படாமலும் போகலாம்.”

“போகாது. பத்து வருசம் கழிச்சு ஒன்னைக் கொண்டுபோய்ச் சேக்கணும்லா. அன்னைக்குக் ‘கூட யாரு’ன்னு கேப்பாள்லா அந்தச் சீட்டு எழுதுத பிள்ளை. நான் நடந்தாத்தானே வர முடியும்? பொறவு எதுக்கு இந்தச் சித்திரவதையைப் பட்டேன்னு நெனச்சே?”

நான் துண்டை எடுத்து மறுபடியும் சுருட்டினேன். சரியாகச் சுருள வரவில்லை.

“எனக்கு அப்ப எழுவத்தொண்ணு” என்றார் மதினி. “எழுவத்தொண்ணுல கூட இருக்க விடுவாங்களாட்டி?”

வார்டு வாசலில் ஒட்டியிருந்த விதிகளை நினைவுபடுத்திப் பார்த்தேன். பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவர் மட்டும், அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். வயதைப் பற்றி எதுவும் இருந்ததாக நினைவில்லை. இடது முட்டுக்குத் தேதி வாங்கப் போகும்போது கேட்டுவர வேண்டும்.